ஸம்ப்ரதாய வரலாற்றுக்குத் துணைநூல்களும் மின்பதிப்புகளும்: ஒரு மதிப்பீடு

நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளிச்செய்தவர் பெரியவாச்சான்பிள்ளை. ஆயினும், பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி பிற்காலத்தில் கிடையாதொழிந்தது. எஞ்சியது இறுதிப் பகுதி மட்டுமே. கிடையாதொழிந்த பகுதிக்கு மட்டும் மணவாளமாமுனிகள் வ்யாக்யானம் அருளி, பூர்வாசார்யருடைய ஸ்ரீஸூக்தி தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பது ஸம்ப்ரதாயம் அறிந்த செய்தி. எது முன்னோருடையது, எது தம்முடையது என்ற எல்லை அங்கே அழியாமல் காக்கப்பட்டது. ஏடு காப்போரும் வரலாறு எழுதுவோரும் கொள்ளவேண்டிய நெறி இதுவே. இன்று கையாளப்பெறும் துணைநூல்களையும் மின்பதிப்புகளையும் இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பது தகும்.

அச்சு நூல்களுள் முதலில் வைக்கத்தக்கவை கல்வெட்டுத் தொகுதிகள். ஹூல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. அவ்வரிசையின் 24ஆம் தொகுதி திருவரங்கம் பெரியகோயிலின் கல்வெட்டுகளுக்கென்றே அமைந்தது. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானமே தனி வரிசையாக வெளியிட்டது. எந்த ஊரில் எந்தக் கல்வெட்டு உள்ளது என்று தேடுவோர்க்கு வி. ரங்காசார்யர் 1919இல் வெளியிட்ட மூன்று தொகுதி ஊர்வாரிப் பட்டியல் இன்றும் வழிகாட்டி. இவற்றின் பயனுக்கு ஒரு சான்று போதும். முதற்குலோத்துங்கனின் 18ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவரங்கக் கல்வெட்டு, குலசேகராழ்வாரின் ‘தேட்டருந்திறல்’ திருமொழி அங்கு ஓதப்பெற்றதைக் குறிக்கிறது. அருளிச்செயல் கோயில் வழிபாட்டில் ஊன்றி நின்ற நிலையைப் பதினோராம் நூற்றாண்டின் கல்லே கூறுகிறது.

கோயிலொழுகு வேறு வகையானது. அது ஒருவர் ஒரு காலத்தில் எழுதிய நூலன்று. தலைமுறைதோறும் சேர்ந்து வளர்ந்தது. ஆதலால் முற்றும் நம்புதலும் முற்றும் தள்ளுதலும் ஒருங்கே பிழையாம். வி. என். ஹரிராவ் 1961இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் சிறப்பு, ஒழுகின் கூற்றுகளை வரலாற்றுக் குறிப்புகளோடு சேர்த்துத் தந்தமையே. கோபணார்யர் நம்பெருமாளைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளப்பண்ணிய செய்தியை ஒழுகும் கூறுகிறது. கோயிற்சுவரில் பொறித்த வடமொழிச் சுலோகங்களும் கூறுகின்றன. இரண்டும் சகம் 1293 என்ற ஆண்டில், அதாவது கி.பி. 1371இல், ஒன்றுபடுகின்றன. ஒழுகை மதிக்கவேண்டிய காரணமும் சோதிக்கவேண்டிய முறையும் இவ்வோரிடத்திலேயே விளங்கும்.

காலக்கணிப்புக்கு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கத் தொகுதிகள் இன்றியமையாதவை. 1922இல் வெளிவந்த அவை கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாள்களைத் திதி நக்ஷத்திரங்களோடு தருகின்றன. ஆனால் இவற்றைக் கையாள்வோர் வழுக்குமிடம் ஒன்றுண்டு. ஆசார்யர்களின் திருவவதாரத்துக்கு மாஸமும் நக்ஷத்திரமும் மட்டும் அறியப்படுமாயின், அவ்விரண்டும் ஆண்டுதோறும் கூடுவனவே. அவற்றைக் கொண்டு ஆண்டைத் துணிய இயலாது. வாரமும் திதியும் உடன் இருந்தால்தான் கணிப்புக்குப் பிடி கிடைக்கும். கணிப்புப் பொருந்தினாலும், அக்குறிப்பு முரணற்றது என்பதே தேறும்; நிகழ்ச்சி நடந்தது என்பது அதனாலேயே தேறாது.

இனி மின்வழிக் கருவிகள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நாலாயிரம் உள்ளிட்ட நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டெழுதி எவர்க்கும் இலவசமாய் அளித்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இண்டர்நெட் ஆர்க்கைவும் பழம்பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமாகக் காட்டுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடலாம். ஈட்டுச் சொல்லாட்சிகளையும் அது மேற்கோளாகக் காட்டுவதால் வ்யாக்யானம் வாசிப்போர்க்குப் பெருந்துணை. ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று தேடியவை இன்று வீட்டிலிருந்தே கிட்டுகின்றன. இந்நன்மையைக் குறைத்துச் சொல்லுதல் நன்றியின்மையாம்.

குறை வேறிடத்தில் உள்ளது. மணிப்ரவாள நூல்களைத் தனித்தமிழ் எழுத்தில் தட்டெழுதும்போது வர்க்க எழுத்துகளின் வேறுபாடு மறைகிறது. மேற்குறித்த கோபணார்யரின் சுலோகமே இதற்கு உரைகல். அதில் சக ஆண்டு எண்ணால் குறிக்கப்படவில்லை; ‘பந்துப்ரிய’ என்ற சொல்லால் கடபயாதி முறையில் குறிக்கப்பட்டுள்ளது. பவர்க்கத்தின் மூன்றாமெழுத்து 3, தவர்க்கத்தின் நான்காமெழுத்து 9, ரகரம் 2, யகரம் 1. வலமிருந்து இடமாக வாசிக்க 1293 ஆகிறது. அச்சொல்லைத் தமிழெழுத்தில் மட்டும் கண்டவர், முதலெழுத்தை வர்க்க முதலாகிய பகரம் என்றும், இரண்டாவதைத் தவர்க்க முதலாகிய தகரம் என்றும் கொண்டால் 1261 வரும். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறழும். கல்லும் ஒழுகும் உடன்பட்ட இடத்தில் இல்லாத முரண் ஒன்று தோன்றும். கல் பிழைக்கவில்லை, ஒழுகும் பிழைக்கவில்லை. பிழை படியெடுத்த எழுத்தினது.

யூனிகோடு 2014இல் க்ரந்த எழுத்துகளுக்கு இடமளித்துவிட்டது. எனவே கருவி இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. க்ரந்தத்தில் அளிக்க இயலாதவிடத்துப் பழம்பதிப்புகளின் மரபைப் பின்பற்றி எழுத்தின் மேல் 2, 3, 4 என எண்ணிட்டாவது வேறுபாட்டைக் காக்கலாம். இயந்திரம் படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் பதிப்புகளில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். தமிழும் க்ரந்தமும் விரவிய பழைய அச்சை அது அடிக்கடி பிறழப் படிக்கும். அத்தகைய பதிப்பில் ஒரு சொல் அகப்படவில்லை என்பதால் நூலில் அச்சொல் இல்லை என்று முடிவு கட்டுதல் தகாது. சந்தியும் தேடுவோரை ஏமாற்றும்: ‘தேட்டரும்’ என்று தேடுவோர்க்குத் ‘தேட்டருந்திறல்’ அகப்படாது.

மற்றொரு குறை, மூலம் சொல்லாமை. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, யார் சோதித்தது என்ற குறிப்பு இன்றி உலவும் வ்யாக்யானப் படிகள் பல. அவற்றில் ஒரு வரி விடுபட்டிருந்தாலும் வாசிப்பவர்க்குத் தெரியாது. பாடபேதம் இருந்தாலும் ஒன்றே பாடம் எனத் தோன்றும். பின்னர் ஒருவர் அதை மேற்கோளாக எடுத்தாள, பிழையே ப்ரமாணமாகிவிடும்.

ஆகவே இக்கருவிகளுக்கு உரிய இடம் இது: தட்டெழுதிய படி தேடுவதற்கு; பக்கப் படம் ஒத்துப்பார்ப்பதற்கு; மேற்கோள் காட்டுவதற்குப் பதிப்பாளரும் ஆண்டும் பக்கமும் குறித்த அச்சு நூல்; ஐயம் எழுந்தால் ஏடும் கல்லும். இவ்வரிசையைத் தலைகீழாக்காதவரை மின்பதிப்புகள் வரமே. படியெடுப்போர் தாம் எடுத்த மூலத்தையும் தாம் செய்த திருத்தத்தையும் ஒரு வரியில் குறித்துவைத்தால், மாமுனிகள் காத்த எல்லை இக்காலத்திலும் காக்கப்படும்.