தப்பியவனும் வழிவிட்டவனும்

சரித்திரப் புனைகதைகளில் கோட்டையிலிருந்து தப்பும் காட்சிக்குப் பஞ்சமில்லை. நாயகன் சுரங்கத்துள் நுழைகிறான். காவலர் அயர்ந்து உறங்குகின்றனர். வெளியே குதிரை காத்து நிற்கிறது. வாசகர் நம்பத் தயங்குவது சுரங்கத்தை அன்று, அந்த உறக்கத்தையே.

காட்டேரிக்குப்பத்திற்கு வடமேற்கே உள்ள செஞ்சிக் கோட்டை இதற்குத் தக்க உரைகல்லாகும். மூன்று குன்றுகளை மதில்களால் பிணைத்த அரண் அது. இராஜகிரியின் உச்சியை அடைய, ஆழ்ந்த பாறைப் பிளவின் மேலிட்ட பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1690இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் இதனை முற்றுகையிட்டார். 1698இல் கோட்டை வீழுமுன்னரே மராத்திய மன்னர் இராஜாராம் வெளியேறி வேலூரை அடைந்தார். அவர்தம் குடும்பத்தினர் பலர் பிடிபட்டனர்.

தளபதியே கண்டும் காணாதிருந்தார் என்பது வரலாற்றாசிரியர் சிலரின் முடிவு. நெடிய போரின் களைப்பு, தம் பாசறையிலேயே நேர்ந்த உணவுத் தட்டுப்பாடு, முதுமையடைந்த ஒளரங்கசீப்புக்குப் பின் மூளவிருந்த வாரிசுப் போட்டி ஆகிய யாவும் அவர் கணக்கில் இருந்திருக்கக்கூடும்.

முகலாயத் தளபதி என்றாலே மூடன் அல்லது கொடியவன் எனத் தீட்டும் எழுத்தாளர் இந்த மனக்கணக்கை இழந்துவிடுகிறார். அது ஒரு சமூகத்திற்கு இழைக்கும் அநீதி மட்டுமன்று, கலைக்குறையும் ஆகும். மூடனை ஏய்த்துத் தப்புவதில் வீரம் ஏது? காவலன் எதை விரும்பினான், எதற்கு அஞ்சினான், பின்தங்கியோர் என்ன விலை கொடுத்தனர் என்பவற்றை முதலில் தீர்மானிக்க வேண்டும். கயிறும் சுரங்கமும் அதன் பிறகே.