பிராடிகார்டியா என்று தட்டினால்: ஒரு கோடிங் கருவியின் சோதனை

மருத்துவக் கோடிங் கருவி எதுவானாலும் நான் முதலில் அதில் தட்டிப் பார்ப்பது பிராடிகார்டியா என்ற சொல்லைத்தான். இதயம் மெதுவாகத் துடிக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மருந்தால் வந்ததா, பிறந்த குழந்தைக்கு வந்ததா, இதயத்தின் மின்பாதையில் கோளாறா என்பதைப் பொறுத்துக் குறியீடு மாறிக்கொண்டே போகும். கருவியின் தரத்தை இந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.

இந்த முறை எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் சிடிசியைச் சேர்ந்த என்சிஎச்எஸ் இணையத்தில் தரும் ஐசிடி-10-சிஎம் உலாவி. கட்டணம் இல்லை. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க சார்ட்டுகளுக்குக் குறியீடு போடுகிறவர்களுக்கும், சிபிசி என்ற கோடர் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் இது மூலநூல் மாதிரி.

இண்டெக்ஸில் தேடினால் ஆர்00.1 முதலில் நிற்கிறது. அதன் கீழே பச்சிளங்குழந்தைக்கு பி29.12, வேகத்துடிப்பும் மெதுத்துடிப்பும் மாறிமாறி வரும் நிலைக்கு ஐ49.5. பழைய ஐசிடி-9-சிஎம்மில் பிராடிகார்டியா 427.89 என்ற பொதுக் குறியீட்டுக்குள் வேறு பல துடிப்புக் கோளாறுகளோடு சேர்ந்து கிடந்தது. 2015 அக்டோபர் 1 முதல் அதற்கென்று தனி இடம்.

பலரும் இங்கேயே ஆர்00.1-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பக் கூடாது. அகரவரிசை இண்டெக்ஸில் கண்டதைக் குறியீட்டு வரிசைப் பட்டியலான டாபுலரில் சரிபார்க்காமல் போடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். இந்த உலாவி எனக்குப் பிடித்துப்போனதும் அந்த இடத்தில்தான். ஆர்00.1-க்குப் போனால் அதன் தலைப்பான ஆர்00-உம் கூடவே கண்ணில் படுகிறது. பிறப்பையொட்டிய காலத்துக் கோளாறுகளை இங்கே போடாதே என்ற எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு அந்தத் தலைப்பில்தான் இருக்கிறது, ஆர்00.1-இன் வரியில் இல்லை. காசு வாங்கும் ஒரு செயலியில் இதே சொல்லைத் தட்டினேன். குறியீடு மட்டும் பளிச்சென்று வந்தது, தலைப்புக் குறிப்பு வரவில்லை. கோடரைத் தவறவிட வைப்பது அந்த மாதிரி வேகம்தான்.

ஆர்00.1-இன் கீழேயே இன்னொரு குறிப்பு: மருந்தின் பக்கவிளைவு என்றால் அந்த மருந்துக்கான குறியீட்டையும் சேர். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவிலேயே மெட்டோபுரோலால் சாப்பிட்டவருக்குத் துடிப்பு குறைந்தது, காரணம் மருந்துதான் என்று டாக்டரும் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். முதல் வருகையானால் ஆர்00.1 முன்னால், டி44.7எக்ஸ்5ஏ பின்னால். அதே ஆள் தவறுதலாக இரட்டை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அது பக்கவிளைவு அல்ல, நச்சேற்றம். டி44.7எக்ஸ்1ஏ முன்னால் வரும், ஆர்00.1 பின்னுக்குப் போகும். மருந்தும் அதுதான், துடிப்பும் அதுதான். வரிசை மட்டும் தலைகீழ். இந்த வரிசையைத் தேடல் பெட்டி சொல்லித் தராது, ஐசிடி-10-சிஎம்மின் அதிகாரப்பூர்வ விதிநூலைத்தான் புரட்ட வேண்டும்.

இன்னொன்றும் தேடல் பெட்டிக்குத் தெரியாது: நோயாளி வெளிநோயாளியா, உள்நோயாளியா என்பது. சிக் சைனஸ் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகமாக எழுதினால், வெளிநோயாளிக்கு அந்தச் சந்தேகத்துக்குக் குறியீடு கிடையாது. அவர் பதிவு செய்த பிராடிகார்டியாவுக்கு ஆர்00.1 போட்டு நிறுத்த வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அதே சந்தேகம் எழுத்தில் நின்றால் ஐ49.5 போடலாம். நோய் உறுதியாகிவிட்டால் அறிகுறிக் குறியீடு தனியாகத் தேவையில்லை.

இதயத்தின் மின்பாதை அடைபடும் ஏவி பிளாக்கைத் தேடுகிறவர்கள் பிராடிகார்டியா என்ற சொல்லிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பிளாக் என்று தட்டுங்கள். முதல் நிலை ஐ44.0, இரண்டாம் நிலை ஐ44.1, முழு அடைப்பு ஐ44.2. பிறவியிலேயே வந்ததென்றால் கியூ24.6.

சார்ட்டில் நாடித்துடிப்பு 48 என்று எண் மட்டும் இருந்தால் எந்தக் கருவியைத் திறந்தும் பயனில்லை. 60-க்குக் கீழே போனாலே பிராடிகார்டியா என்று பாடநூல் சொல்லும். அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2018 வழிகாட்டி சைனஸ் பிராடிகார்டியாவுக்கு 50-க்குக் கீழே என்று கோடு போடுகிறது. ஓட்டப்பந்தய வீரருக்கு 48 இயல்பாகவே இருக்கும். அது நோயா இல்லையா என்று தீர்மானிப்பது கோடரின் வேலை இல்லை. டாக்டர் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, ஆனால் சிகிச்சை நடந்திருக்கிறது என்றால் குவெரி போட்டுக் கேட்க வேண்டும்.

இந்த உலாவியை வாங்கிவைத்த புத்தகத்துக்கு மேலாக நிறுத்துவது, வேண்டிய ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி. குறியீடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுகின்றன, சில ஆண்டுகளில் ஏப்ரலிலும். பழைய சார்ட் வந்தால் அதற்குரிய ஆண்டுப் பதிப்பை எடுத்துத் தேடலாம். படிக்கிறவர்களுக்கு இதையே முதல் கருவியாகச் சொல்வேன். போனில் வேண்டாம், தலைப்பும் உட்பிரிவும் ஒரே பார்வையில் தெரியும் பெரிய திரையில் திறந்து வையுங்கள், விதிநூலின் பிடிஎஃப் பக்கத்திலேயே இருக்கட்டும்.