கனத்த பானெட், துருப்பிடித்த கீல், கேஸ் ஸ்ட்ரட்: பழைய செவ்ரோலே சி-10

செவ்ரோலே சி-10 பிக்கப்பின் 1967 முதல் 1972 வரையிலான மாடல்களில் பானெட் என்பது ஒரு பெரிய எஃகுத் தகடும் அதன் அடியில் பொருத்திய உட்சட்டமும் சேர்ந்தது. பூட்டு முன்பக்கம் கிரில்லுக்கு மேலே இருக்கிறது. பின்பக்கம், முகப்புக் கண்ணாடிக்குக் கீழே, இரு ஓரத்திலும் ஒவ்வொரு கீல். கீலின் மேல் தடித்த சுருள் ஸ்பிரிங் ஒன்று இழுத்து மாட்டப்பட்டிருக்கும். 1969-இல் வண்டியின் முகத்தை மாற்றியபோது பானெட்டின் முன்பகுதியும் உயர்ந்துவிட்டது. அதனால் பழைய பானெட் தேடி வாங்குபவர்கள் முதலில் ஆண்டைத்தான் கேட்பார்கள்.

இந்த ஸ்பிரிங் வேலை செய்யும் விதம் நேர்த்தியானது. பானெட் மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் அதிகமாக நீண்டிருக்கும். ஆனால் அப்போது அதன் இழுவை கீலின் சுழல் புள்ளிக்கு மிக அருகே செல்வதால் தூக்கும் விசை குறைவு. பானெட்டைச் சற்று உயர்த்தியதும் இழுவைக் கோடு சுழல் புள்ளியிலிருந்து விலகி, எடையில் பெரும்பகுதியை ஸ்பிரிங் ஏற்றுக்கொள்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கையால் தூக்கலாம். விட்ட இடத்தில் நிற்கும். ஆக, சி-10 பானெட் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சுமையாகிவிட்டது என்றால், ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. பெரும்பாலும் அது கீல்.

தட்டையான சில எஃகுக் கைகளை ரிவெட்டுகளால் கோத்ததுதான் கீல். கிரீஸ் காய்ந்து, ரிவெட்டைச் சுற்றித் துரு ஏறியதும் அது மடங்க மறுக்கிறது. திறப்பது சிரமம் என்பதோடு இது நின்றுவிடுவதில்லை. உண்மையான சேதம் மூடும்போது நிகழ்கிறது. முன்முனையில் கையை வைத்து அழுத்தும்போது இறுகிய கீல் மடங்காததால், கீலுக்குச் சற்று முன்னால் தகடு மடங்கிவிடுகிறது. குறுக்கே பெயின்ட் வெடித்த மெல்லிய கோடும், பின்மூலை மட்டும் மேலே தூக்கி நிற்பதும் இதன் அடையாளங்கள். 1973-இல் வந்த அடுத்த தலைமுறை பிக்கப்புகளின் பானெட்டும் இப்படி மடங்குவதில் பேர்போனது. கிரீஸுக்குச் செலவிடாத காசு பானெட்டுக்குப் போகும்.

எனவே முதல் மருந்து எண்ணெய். துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு ரிவெட்டிலும் விட்டு, பானெட்டை மெதுவாக ஏற்றி இறக்கினால் இணைப்புகளிலிருந்து செம்பழுப்புக் குழம்பு கசியும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் விட வேண்டும். கசிவு தெளிவாகும்வரை இதே வேலைதான். பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ். கனமாகிப்போன பானெட்டுகளில் கணிசமானவை இந்த மலிவான வேலையிலேயே இலகுவாகிவிடும். இதைச் செய்து பார்க்காமல் புதுப் பாகங்களுக்கு ஆர்டர் கொடுப்பது வீண் அவசரம்.

எண்ணெய்க்குப் பிறகும் சிக்கல் நீடித்தால், தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். பானெட்டைப் பாதி உயர்த்தி முன்முனையைப் பிடித்து ஆட்டும்போது பின்விளிம்பு ஏறி இறங்கினால் ரிவெட் துளைகள் தேய்ந்திருக்கின்றன. அந்தக் கீலை மாற்றத்தான் வேண்டும். கீல் தடையின்றி மடங்கியும் பானெட் பாதியிலிருந்து தானே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. புதிதாகத் தயாரித்து விற்கப்படும் கீல்களின் தரம் ஒரே மாதிரி இல்லை. மெல்லிய தகடும் ஆடும் ரிவெட்டும் கொண்ட புதுக் கீலைவிட, சுத்தம் செய்த பழைய கீல் எவ்வளவோ மேல்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவதில் ஒரு பழைய உத்தி உண்டு. அது நீண்டிருக்கும் நிலையில் சுருள்களுக்கிடையே வாஷர்களைச் செருகிவிட்டால், பானெட்டை முழுதாகத் திறந்ததும் கொக்கியிலிருந்து தளர்வாகக் கழன்று வரும். நெம்புகோல் போட்டு இழுப்பது விரலுக்கும் கண்ணுக்கும் ஆபத்து. ஸ்பிரிங் போன பிறகு முழு எடையும் இறங்கும் என்பதால் உறுதியான முட்டுக்கொம்பு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக கேஸ் ஸ்ட்ரட் போடுவது இன்று பரவலான மாற்றம். உயர் அழுத்த நைட்ரஜன் அடைத்த உருளை, அதிலிருந்து நீளும் தண்டு, சீலை நனைக்கவும் வேகத்தை அடக்கவும் கொஞ்சம் எண்ணெய்: அவ்வளவுதான் அமைப்பு. எத்தனை நியூட்டன் விசை என்பது உருளையின் மேல் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

கணக்கு கடினமில்லை. ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பானெட்டின் முன்முனையைக் கிடைமட்டமாக ஓர் எடைமானியின் மேல் தாங்கவிட்டு அளவைப் பார்க்கலாம். உதாரணமாக, கீலிலிருந்து 1.2 மீட்டர் தூரத்தில் 15 கிலோ காட்டினால், திருப்புவிசை 15 × 9.81 × 1.2, அதாவது சுமார் 177 நியூட்டன் மீட்டர். திறந்த நிலையில் கீலுக்கும் ஸ்ட்ரட்டின் கோட்டுக்கும் உள்ள செங்குத்துத் தூரம் 15 சென்டிமீட்டர் என்றால், இரண்டு ஸ்ட்ரட்டில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 590 நியூட்டன் தேவை. சி-10 கீலில் பானெட் சுழலும்போது சுழல் மையமும் நகர்வதால் இது தோராயக் கணக்கு. அதனால் துளையிடுவதற்கு முன் அட்டையில் வெட்டிய மாதிரி பிராக்கெட்டை வைத்துப் பார்ப்பது நல்லது. முழுதாக மூடும்போது ஸ்ட்ரட்டுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டராவது சுருங்க இடம் மிஞ்ச வேண்டும். அதற்கு முன்பே அது முட்டிக்கொண்டால், துருப்பிடித்த கீல் செய்த அதே சேதத்தைப் புது ஸ்ட்ரட்டும் செய்யும்.

பிராக்கெட்டை மெல்லிய ஃபெண்டர் தகட்டில் நேரடியாகப் பூட்டினால் தகடு நெளியும். பின்னால் தடித்த பட்டை ஒன்று வேண்டும். மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருப்பது நல்லது, எண்ணெய் சீலின் மேலேயே தேங்கி நிற்கும். பழைய ஸ்பிரிங்கையும் விட்டுவைத்து ஸ்ட்ரட்டையும் சேர்ப்பது தவறு: இரண்டு விசையும் சேர்ந்து பின்மூலையைத் தூக்கும், மூடுவதற்கு மறுபடி பலம் போட வேண்டியிருக்கும்.

எது சிறந்தது? திறக்கும் சுகத்தில் ஸ்ட்ரட்டே முந்துகிறது. பானெட் மிதந்து எழுகிறது, இன்ஜின் அறையும் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் அது தட்பவெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. 20 டிகிரி செல்சியஸில் அளந்த விசை மைனஸ் 10-இல் சுமார் 10 சதவீதம் குறையும், 40-இல் 7 சதவீதம் கூடும். அரிசோனாக் கோடையில் கச்சிதமாக நிற்கும் பானெட் மின்னசோட்டாக் குளிரில் தலையில் இறங்கலாம். வாயு கசிந்தால் ஸ்ட்ரட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. எஃகு ஸ்பிரிங்கோ அரை நூற்றாண்டு கடந்தும் பல வண்டிகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. தினசரி ஓட்டும் வண்டிக்கு ஸ்பிரிங், கண்காட்சி வண்டிக்கு ஸ்ட்ரட் என்று பிரிப்பது பெரும்பாலும் சரியாக வரும்.

ஃபைபர்கிளாஸ் பானெட் போட்டு எடையைக் குறைப்பவர்களுக்குச் சிக்கல் தலைகீழ். எஃகு பானெட்டுக்கான ஸ்பிரிங் அந்த இலேசான தகட்டை வளைத்துவிடும். மென்மையான ஸ்பிரிங்கோ குறைந்த விசையுள்ள ஸ்ட்ரட்டோதான் பொருந்தும்.

எந்த வழியாக இருந்தாலும், போல்ட்டைத் தளர்த்துமுன் கீலின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால் பானெட் பழைய இடத்துக்கே திரும்பும். முதல்முறை அடித்து மூடக் கூடாது. இருவர் இரு பக்கமும் நின்று இடைவெளியைப் பார்த்தபடி மெல்ல இறக்க வேண்டும். கடைசியாக முன்பூட்டு: புது விசைக்கேற்ப அதைச் சரிசெய்து, பாதுகாப்புக் கொக்கி தனியாகவும் பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே வண்டி சாலைக்குப் போகலாம்.