காமன் கூத்தை ரசிப்பது எப்படி?

மாசி பிறந்தால் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பகலில் கொழுந்து, இரவில் கூத்து. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாதத்தில் தரையில் உறைபனி படியும். தேயிலைத் துளிர்கூடக் கருகிப்போகும். அந்தக் குளிர் தளர்ந்து வெயில் ஏறும் நாட்களில்தான் காமனுக்குக் கம்பம் நடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த கூத்து இது.

கதை எல்லோருக்கும் தெரியும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமன் என்கிற மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். மனைவி ரதி மன்றாடி அவனை மீட்கிறாள். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே அவன் தெரிவான். கச்சியப்பரின் கந்தபுராணத்திலும் காமதகனம் உண்டு. முடிவு தெரிந்த கதை என்பதால், இந்த வருடம் யார் ஆடுகிறார், எப்படி ஆடுகிறார் என்பதில்தான் சனங்களின் கண் இருக்கும். உங்கள் கண்ணும் அங்கேயே இருக்கட்டும்.

கம்பம் நடும் நாளிலேயே போங்கள்

எரியூட்டும் இரவுக்கு மட்டும் போகிறவர்கள் பாதிக் கூத்தைத்தான் பார்க்கிறார்கள். அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் என்று சேர்த்துக் கட்டிக் கம்பம் ஊன்றுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் சேர்மானம் மாறும். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கும். இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒருவர் கிரீடத்துக்கு வண்ணத்தாள் ஒட்டுவார். பிள்ளைகள் பசையைக் கிண்டிக் கொடுப்பார்கள். ஒரு வீட்டுச் சேலை ரதிக்குப் போகும். ரதி வேடத்தையும் ஆண்தான் கட்டுவார். பகலில் மலையில் மருந்தடித்தவர் இரவில் மன்மதனாக நிற்பதைப் பார்க்க, முதலில் அந்தப் பகலைப் பார்த்திருக்க வேண்டும்.

தப்பைக் கேளுங்கள்

ஆட்டம் தொடங்குமுன் நெருப்பு மூட்டித் தப்பு எனும் பறையைக் காய்ச்சுவார்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்தால் ஓசை மந்தமாகிவிடும். மலைநாட்டுப் பனியில் இடையிடையே காய்ச்சாமல் முடியாது. காய்ச்சிய தப்பின் முதல் அடிக்கும், அரைமணி கழிந்த அடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆள் மாறினால் அடி மாறும்: ரதி–மதன் ஆட்டத்துக்கு ஒரு நடை, சிவன் அனுப்பும் வீரபத்திரன் பாய்ந்து வரும்போது வேறு நடை. ஒரு காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் இதே தப்புதான். வேலைக்கு விரட்டிய ஓசையைத் தங்கள் ஆட்டத்துக்கு ஆக்கிக்கொண்டவர்கள் இந்த மக்கள்.

நெருப்பைவிட ரதியைப் பாருங்கள்

தகனத்தின்போது எல்லாரும் தீயைப் படம் எடுப்பார்கள். கூத்தின் உச்சம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். தீய கனாக் கண்ட ரதி, போகாதே என்று புருசனை மறிக்கிறாள், அவன் கேட்கவில்லை. இருவரும் பாட்டிலேயே வாதாடும் இந்த இடத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் அவசரப்படமாட்டார். அவன் ஓரடி முன்னே வைத்தால் அவள் குறுக்கே வருவாள். அந்த அடிகளை எண்ணிப் பார்த்தால் ஆட்டத்தின் தரம் விளங்கும். தகனத்துக்குப் பிறகு ரதி பாடும் ஒப்பாரியின்போது கூட்டத்துப் பெண்கள் பக்கம் திரும்புங்கள். தம் வீட்டுச் சாவுகளில் பாடிய ராகம் அவர்களுக்குத் தெரியும். கண் துடைப்பவர்கள் கதைக்காக மட்டும் அழவில்லை.

எரிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். காமனை உயிர்ப்பிக்கும் சடங்கு அதன் பிறகு இருக்கிறது. அது இல்லாமல் கதை முடியாது.

போவதற்கு முன்

பௌர்ணமி போயா விடுமுறை நாள் என்பதால் அன்று வேலை பற்றிய கவலை இல்லாமல் கூட்டம் சேரும். கம்பளி கொண்டு போங்கள். விடியும்வரை நிற்க வேண்டியிருக்கும். காப்புக் கட்டி விரதமிருக்கும் ஆட்டக்காரர்களைத் தொட்டுப் படம் எடுக்காதீர்கள். கூத்தை நடத்துபவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வரும்போது நீட்டும் தட்டில் கை சுருக்காமல் போடுங்கள். இளைஞர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, பல தோட்டங்களில் வேடம் கட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் குறையாதவரை ஆடுகிறவர்களும் வருவார்கள். இந்த மாசியில் ஒரு தோட்டத்துக்காவது போய் வாருங்கள்.