கௌசிகன் கதையும் கைவிடப்பட்ட பெற்றோரும்

தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்பது ஒன்று. இதனோடு ஒட்டிய கதையும் பலரும் அறிந்ததே. கொக்கு ஒன்றை விழித்து எரித்த கொங்கணர், அச்செருக்கோடு திருவள்ளுவர் இல்லத்து வாயிலில் பிச்சை வேண்டி நின்றார். கணவர்க்கு உணவு படைத்துக்கொண்டிருந்த வாசுகி அம்மையார் சற்றே காலந்தாழ்த்து வந்தார். முனிவர் சினந்து விழித்தார். அம்மையார் இப்பழமொழியையே விடையாகத் தந்தார். முதுகலை வகுப்பு மாணவரிடம் இக்கதையைச் சொல்லுமாறு யாம் கேட்பதுண்டு. ஏறத்தாழ எல்லாரும் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். கதை முடிந்தது என்பதே அவர்தம் எண்ணம்.

அது முடியவில்லை. முடியாத கதையை முடிந்ததாகக் கொண்டமையால் அதன் அறம் எவ்வாறு திரிந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இக்கதையின் பழைய வடிவம் வியாச பாரதத்தின் வனபருவத்தில், மார்க்கண்டேயர் தருமனுக்கு உரைக்கும் கதைத் தொகுதியுள் உள்ளது. சுக்தங்கர் பதிப்பித்துப் பூனா பண்டார்கர் நிறுவனம் 1942இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பில் இஃது ஏறத்தாழப் பத்து அத்தியாயங்களாக நீள்கிறது. அவற்றுள் கொக்கும் மனையாளும் வரும் பகுதி ஓர் அத்தியாயத்தளவே. எஞ்சியவை அனைத்தும் மிதிலை நகரில் ஊன் விற்கும் ஒருவனுக்கு உரியவை. எனவே, நாம் கதை என்று வழங்குவது உண்மையில் அதன் தோற்றுவாய் மட்டுமே.

கௌசிகன் என்னும் அந்தணன் மரத்தடியில் அமர்ந்து வேதம் ஓதுகிறான். மேலிருந்த கொக்கு அவன்மீது எச்சமிடுகிறது. அவன் சினந்து நோக்க, அது உயிரற்று நிலத்தில் வீழ்கிறது. இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தமிழ் வழக்கில் வரும் முனிவர் தம் ஆற்றலைக் கண்டு செருக்குறுகிறார். மூலத்துக் கௌசிகனோ இரங்குகிறான். சினத்தின் வயப்பட்டுத் தகாதது செய்தேன் என்று பலகாலும் வருந்துகிறான். வருந்தியவனே சிறிது நேரத்தில் ஒரு வீட்டு வாயிலில் மீண்டும் சினங்கொள்கிறான். செருக்குற்றவன் சினத்தல் வியப்பன்று. வருந்தியவன் சினத்தலே சிந்திக்கத்தக்கது. வருத்தம் உண்மையாக இருந்தும் அவனை அது மாற்றவில்லை. இந்நுட்பம் தமிழ்க் கதையில் மறைந்தது.

மனையாள் அவனைச் சிறிது நிற்குமாறு சொல்கிறாள். அதற்குள் கணவன் பசியோடு வருகிறான். அவள் அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். பின்னரே வாயிலில் நிற்பவனை நினைந்து நாணிப் பிச்சையுடன் வருகிறாள். அவன் கடிந்து பேசுகிறான். அவளோ, கொக்கு எரிந்த செய்தியைத் தான் அறிந்திருப்பதைப் புலப்படுத்துகிறாள். சினம் மாந்தர்தம் உடலுள் உறையும் பகை என்கிறாள். ஒழுக்கம் உடையவனே அந்தணன் என்கிறாள். நீ அறத்தை உள்ளவாறு அறிந்திலை, மிதிலைக்குச் சென்று அங்குள்ள வேடனைக் கேள் என்று அனுப்புகிறாள். கற்புடையாளின் ஆற்றலைக் காட்டுதலே கதையின் நோக்கமாயின், இவ்விறுதிக் கூற்று வேண்டுவதில்லை. வென்றவள் தன்னினும் அறிந்தான் ஒருவனிடம் அவனை ஆற்றுப்படுத்துகிறாள்.

மிதிலையில் ஊன் விற்கும் இடத்தில் தருமவியாதன் நிற்கிறான். அவனைச் சுற்றி வாங்குவோர் கூட்டம். கௌசிகன் ஒதுங்கி நிற்கிறான். அவனை அனுப்பியவள் யாரென்பதை வியாதன் தானே சொல்கிறான். இவ்விடம் உமக்குத் தகாது என்று வீட்டிற்கு அழைத்துச் செல்கிறான். தன் தொழிலைப் பற்றி அவன் கூறுவனவற்றை அறவுரைத் தொகுப்பாளர் பெரும்பாலும் மென்மையாக்கிவிடுகின்றனர். தான் செய்வது கொடிய தொழில் என்பதை அவன் ஐயமின்றி ஒப்புகிறான். பின்னரே, இது தன் குலத்தொழில் என்றும், தான் கொல்வதில்லை, பிறர் கொன்றவற்றை விற்பதே உண்டு என்றும், தான் ஊன் உண்பதில்லை என்றும் கூறுகிறான். அதன்மேல் வாதத்தை விரிக்கிறான்: ஏர் உழும்போது மண்ணுள் வாழும் உயிர்கள் மாய்கின்றன, விதைகளும் உயிருடையன, நீரிலும் உயிர்கள் உள, கொல்லாதான் என்று சொல்லத்தக்கான் உலகில் எவன்?

இவ்வாதத்தை யாம் முழுதும் ஒப்புகின்றிலேம். பாரதமும் ஒப்பியதாகத் தோன்றவில்லை. அனுசாசன பருவத்தில் வீடுமர், விலை கொடுத்து வாங்குவான் பொருளால் கொல்கிறான், உண்பான் நுகர்ச்சியால் கொல்கிறான், கட்டிக் கொல்வான் செயலால் கொல்கிறான் என மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். விற்பவன் மட்டும் அவ்வரிசையினின்று எளிதில் தப்புதல் அரிது. ஒரு பருவத்தில் ஒருவன் கூறும் நியாயத்தை வேறொரு பருவம் மறுத்தல் இவ்விதிகாசத்தின் இயல்பு. ‘மகாபாரதம் கூறும் அறம்’ என ஒன்றைத் தனியே எடுத்துக்காட்டுவார் எந்தப் பருவம், யார் கூற்று, யாரை நோக்கி என்பவற்றையும் உடன் காட்டுதல் கடன். நம் கட்டுரைகளிற் பல இக்கடனை மறந்தவை. எம்முடைய பழைய கட்டுரைகளும் அதற்கு விலக்கல்ல.

இனித் தமிழ் வழக்கை நோக்குவோம். மூலத்து மனையாளுக்குப் பெயரில்லை. அவள் ஊருக்கும் பெயரில்லை. தமிழர் அவளுக்கு வாசுகி என்று பெயரிட்டனர். வள்ளுவர் மனையில் குடியேற்றினர். வாழ்க்கைத் துணைநலத்தின் 55ஆம் குறளை அறிந்தவர் இப்பொருத்தத்தை எளிதில் உணர்வர். ஆயினும் வள்ளுவர் மனைக்குள் வந்த கதை அங்கிருந்து ஊன்கடைக்குச் செல்லுதல் எங்ஙனம்? தின்பார் இன்றேல் விலைக்கு ஊன் தருவாரும் இலர் என்ற கருத்தினை 256ஆம் குறளில் வைத்தவர் அவர். உழவுக்குத் தனி அதிகாரம் வகுத்து உழுவாரை உயர்த்தியவரும் அவரே. ஏரும் கொல்கிறது என்னும் வியாதனின் நியாயம் அவ்வில்லத்தில் ஒலித்தற்கு இடமில்லை. வாசுகி அம்மையார் ஊன் விற்பானிடம் அறம் கேட்க ஒருவரை அனுப்பினார் என்பது குறள் பயின்ற செவிக்கு இசையாது. வியாதனையும் சேர்த்துச் சொல்வார் உளரேனும், பழமொழியிலும் பொது நினைவிலும் அவன் இடம் இழந்தமைக்கு இதுவே காரணமாகலாம். இஃது எம் கருத்து; வேறு விளக்கம் காண்பார் காண்க.

வியாதனை இழந்ததனால் நேர்ந்த இழப்பு பெரிதே. எனினும் அதனினும் பெரியதோர் இழப்புண்டு. அதனை அறிய, வியாதனை இழவாதவர் சொன்ன கதையையும் நோக்குதல் வேண்டும்.

விவேகானந்தர் 1896இல் நூலாக வெளிவந்த கருமயோகச் சொற்பொழிவுகளில் இக்கதையை எடுத்தாண்டுள்ளார். அங்கே அந்தணன் இளந்துறவியாகிறான், பறவைகள் இரண்டாகின்றன, மனையாள் நோயுற்ற கணவனைப் பேணுகிறாள். ஊன் விற்பவனும் உள்ளான், அவன் பெற்றோரைப் பேணுதலும் உண்டு. பற்றின்றித் தன் நிலைக்குரிய கடமையைச் செய்தலே உயர்வு தரும் என்று முடிகிறது. இராசாசி தம் ஆங்கில மகாபாரதத்தில் ‘நான் கொக்கு அல்லள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டு இதனைக் கூறுகிறார். கதையின் படிப்பினை கீதையின் போதனையே என்பது அவர் துணிபு. இருவர் கூற்றும் அழகியன. ஆனால் முன்னவரிடத்தில் துறவியின் பெற்றோர் இலர். பின்னவரிடத்தில் அவர்கள் இறுதியில் ஒரு தொடராகச் சுருங்கிவிட்டனர்.

மூலத்தில் நிகழ்வது வேறு. தன் இல்லத்தில் வியாதன், வெள்ளாடை உடுத்து உணவுண்டு இனிது அமர்ந்திருக்கும் தன் தாய் தந்தையரைக் காட்டி, இவர்களே என் தெய்வங்கள் என்கிறான். அதன்பின் கௌசிகனை நோக்கி, அவன் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறான்: நீ உன் தாய் தந்தையரின் இசைவு பெறாமல் வேதம் கற்க வீட்டை விட்டு வந்தாய், உன்னை எண்ணி வருந்தி அம்முதியோர் கண்ணிழந்தனர், சென்று அவர்களை மகிழ்விப்பாயாக.

இதுகாறும் கேட்போர்க்கு இச்செய்தி தெரியாது. கௌசிகனும் வாய்திறந்ததில்லை. கொக்கைக் கொன்றதே அவன் குற்றம் என நாம் எண்ணியிருந்தோம். இப்போது கதை முழுவதும் பின்னோக்கி வேறு பொருள் பெறுகிறது. வேதம் ஓதியதே கதையின் முதற் செய்தி. அவ்வோதலுக்கு இருவர் கண்கள் விலையாயின என்பது இறுதிச் செய்தி. ஒரு வாயிலில் சிறிது நேரம் காத்திருக்கப் பொறாது சினந்தவனுக்காக, வேறொரு வாயிலில் இருவர் நெடுங்காலம் காத்திருந்தனர். மனையாள் அவனை நிறுத்தியது தன் வீட்டார்க்குரிய பணியின் பொருட்டு. அவன் தன் வீட்டார்க்குரிய பணியைக் கைவிட்டே அங்கு வந்து நின்றான். அறத்தை உள்ளவாறு அறிந்திலை என்று அவள் கூறியது எதனைக் குறித்தது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. கதையின் முடிச்சு கொக்கிலும் இல்லை, கற்பின் ஆற்றலிலும் இல்லை, தொழிற்கடமையிலும் இல்லை; சொல்லாது வைத்த இப்பெற்றோரிடத்தில் உள்ளது.

இதனை யாம் வலிந்து கொண்டோம் எனக் கூறுவார்க்கு, தருமன் மார்க்கண்டேயரிடம் கேட்ட வினாவே விடையாகும். அவன் மகளிர் பெருமையை மட்டும் கேட்கவில்லை. தாய் தந்தையர்க்குச் செய்யும் பணிவிடையையும் சேர்த்தே கேட்கிறான். பெற்றோரை நீக்கிக் கதை சொல்வார் வினாவின் பாதியை நீக்கியவராவர்.

வியாதனின் முற்பிறப்பு வரலாறு பற்றி ஒருசொல். அவன் முன்னர் அந்தணனாயிருந்து, அரசனொடு வேட்டம் சென்று, மானென்று கருதி முனிவர் ஒருவர்மேல் அம்பெய்து, அவர் சாபத்தால் இப்பிறப்பு எய்தினான் என்பது அது. ஊன் விற்பான் அறிவுடையனாதற்கு முற்பிறப்பில் அந்தணனாயிருந்தமையைக் காரணங்காட்டுதல் கதையின் துணிவைக் குறைப்பதே. ஒழுக்கத்தாலேயே ஒருவன் அந்தணன் என்று இறுதியில் கௌசிகன் தன் வாயாற் கூறுவது அதற்கு நேர்மாறானது. ஒழுக்கம் குன்றின் பிறப்பும் கெடும் என்னும் 134ஆம் குறளுக்கு அக்கூற்று அண்மையது. எனினும் சாபக்கதையை இடைச்செருகல் என்று ஒதுக்க யாம் துணியவில்லை. அறியாது நேர்ந்த பிழைக்காக ஒரு முனிவரின் சினம் ஒருவனை ஊன்கடைக்கு அனுப்பியது. அறியாது எச்சமிட்ட கொக்கை வேறொருவனின் சினம் கொன்றது. சினத்தால் வீழ்ந்தவனே சினத்தால் வீழ்த்தியவனுக்கு ஆசிரியனாகிறான். இவ்விணையை அமைத்தவர் அதனை எண்ணாது அமைத்தார் எனல் பொருந்தாது.

கௌசிகன் வியாதனை வலம்வந்து விடைபெறுகிறான். வீடு சேர்ந்து பெற்றோர்க்கு முறைப்படி பணிசெய்தான் என்பதோடு மார்க்கண்டேயர் நிறுத்திவிடுகிறார். இதே பருவத்தில் பின்னர்ச் சாவித்திரி கதையைக் கூறுபவரும் அவரே. அங்கே கண்ணிழந்த மாமனுக்கு மீண்டும் பார்வை வருகிறது. இங்கே அவ்வாறு அவர் கூறவில்லை. திரும்பி வந்த மகனின் முகத்தை அம்முதியோர் கண்டனரா என்பது பாரதத்தில் இல்லை.