எமனைப் பார்த்துப் பயந்தவள்

முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு வகுப்பில் நாடகவியல் தாள் நடத்திக்கொண்டிருந்தேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பற்றிய பகுதி. சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குப் பயத்தில் கரு கலைந்துவிட்டது. அதன்பின் வேடம் கட்டுவதை விட்டு, எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். மாணவியாக இருந்தபோது நானும் கேட்டுக் குறிப்பெடுத்த கதை. அதை அப்படியே சொல்லி, நடிப்பின் ஆற்றலுக்குச் சான்று என்று முடித்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அந்தப் பொம்பளைக்கு அப்புறம் என்னம்மா ஆச்சு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

நாடக வரலாறு என்று நாங்கள் நடத்தும் பகுதியில் பெண் எங்கெல்லாம் வருகிறாள் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். 1891இல் 'மனோன்மணீயம்' வெளியாகிறது. தலைப்பிலேயே பெண் இருக்கிறாள். ஆனால் அது படிப்பதற்கான கவிதை நாடகம். அதே ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்குகிறார். அங்கே நாயகியாக நடித்துப் புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு என்ற ஆண். 1918இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபையில் பெண் வேடமிட்டவர்கள் சிறுவர்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தினார். அவருக்கு எங்கள் பாடத்தில் ஒரு வரி. ஆண் புடவை கட்டினால் கலைத்திறன். பெண் மேடையேறினால் அவள் குலத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய பேச்சு. மற்றபடி பெண்ணுக்கு மிஞ்சுவது பார்வையாளர் இடம். அங்கும் அவள் கரு கலைந்தால்தான் வரலாற்றுக்குள் வருகிறாள், பெயரில்லாமல்.

கேள்வி கேட்டவள் சில நாள் கழித்து, யாருமில்லாத நேரம் பார்த்துத் துறை அறைக்கு வந்தாள். அவளுடைய அம்மாச்சி ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட்டாம். இருபது வருடத்துக்கு மேல் வள்ளியாக நடித்தவர். "வகுப்புல யாருக்கும் தெரியாதும்மா" என்றாள்.

ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு ஊர்களிலிருந்து. ஒத்திகை இல்லை. விடியும்வரை நடக்கும் 'வள்ளி திருமண'த்தில், வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கம்தான் சனம் காத்திருக்கும் இடம். எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், என்ன கேள்வி போடுவார் என்று தெரியாது. அந்த நிமிடமே பதில் வந்தாக வேண்டும். அதற்குப் பாட்டும் புராணமும் தமிழும் நெஞ்சில் தயாராக இருக்க வேண்டும். என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்த அம்மா ஒவ்வொரு திருவிழாவிலும் விடியவிடியத் தேர்வு எழுதியவர். பேத்தியின் சேர்க்கைப் படிவத்தில் அவர் 'படிக்காதவர்'.

அந்த ஆண்டு விழாவுக்குச் சிலப்பதிகாரக் கதையை நாடகமாக்கினோம். பெண்கள் கல்லூரி, கோவலனும் பாண்டியனும் மாணவிகளே. மையால் வரைந்த மீசைக்குக் கைதட்டல் விழுந்தது. ஒத்திகை ஐந்து மணிக்குள் முடியவேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும், மாதவியின் ஆட்டம் 'அளவோடு' இருக்கவேண்டும். எங்கும் எழுதிவைக்காத விதிகள். நானும் சேர்ந்து காத்த விதிகள். மாதவியாக நடிக்க அவளைத்தான் கேட்டிருந்தேன். குரலும் நிதானமும் அவளிடம் இருந்தன. மறுத்துவிட்டாள்.

"நல்லா நடிக்கலைன்னா பரவாயில்லைம்மா. நல்லா நடிச்சிட்டேன்னா, ரத்தத்துலயே இருக்குன்னு சொல்லிருவாங்க."

மேடை பெண்ணுக்குத் துணிச்சல் தரும், உடலின் கூச்சத்தைப் போக்கும் என்று நானே கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். எந்தப் பெண்ணுக்கு என்று கேட்டுக்கொண்டதில்லை. ஒப்பனையைக் கழுவியதும் நடிகை இல்லை என்று ஆகிவிட முடிகிறவளுக்குத்தான் அது துணிச்சல். நடிகையின் பேத்திக்கு அதே மேடை, அம்பலப்படும் இடம். குடும்பப் பெண் பொழுதுபோக்காக நடிக்கலாம், பிழைப்புக்காக நடித்தவள் குடும்பப் பெண் ஆகமாட்டாள் என்ற பழைய கணக்கை எங்கள் கல்லூரி அரங்கம் மாற்றவில்லை. அதற்குத் திரை மட்டும் போட்டது.

பாடத்திட்டத்துக்கு வெளியே வேறு குரல்கள் உண்டு. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சுமக்கும் இழிவைப் பற்றி சூசன் சைசர் எழுதிய ஆங்கில நூல் 2005இல் வந்தது. நாம் மூதாட்டியாகவே அறிந்த ஔவையை இளம் பாடினியாக இன்குலாப் எழுத, அ. மங்கை மேடையேற்றினார். இவற்றை வகுப்புக்குள் கொண்டுவர யாரும் எனக்குத் தடை சொல்லவில்லை. நான்தான் கொண்டுவரவில்லை.

அகமதிப்பீட்டுத் தேர்வில் சுவாமிகளின் நாடகப் பணி கேள்வியாக வந்தது. கர்ப்பிணியின் கதையை நான் சொன்ன சொற்களிலேயே எழுதியிருந்தாள். அவள் கேட்ட கேள்வி அதில் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். போட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

அம்மாச்சியின் தர்க்கப் பாடல்களைத் தொகுத்து ஆய்வேடு செய்யலாமே என்றேன். யோசித்தாள். "அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்கம்மா. இப்ப வேணாம்." நான் வற்புறுத்தவில்லை. வெளியே தெரிவதற்கான விலையை நான் கொடுக்கப்போவதில்லை, அந்த வீடு கொடுக்கும். இந்தக் கட்டுரையில் அவள் பெயரும் ஊரும் இல்லாதது அதனால்தான்.

ஆனால் கேள்வித்தாள் என் கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுத் தேர்வில் இப்படிக் கேட்டேன்: 'எமன் வேடக் கதையை அந்தக் கர்ப்பிணியின் இடத்திலிருந்து எழுதுக.' பத்து மதிப்பெண். அன்று மாணவிகள் கூடுதல் தாள் கேட்டு வாங்கினார்கள்.