ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம்?

திரைப்படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம்கள். கணினி விளையாட்டில் 30 அல்லது 60. எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் திரைப்படத்தின் ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கக் கணினி விடிய விடிய ஓடினாலும் கேட்பாரில்லை. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. விளையாட்டின் நிலைமை வேறு. ஆடுபவரின் விரல் பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்த ஃபிரேமில் என்ன இருக்க வேண்டும் என்பதே முடிவாகிறது. நொடிக்கு 60 என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பது 16 மில்லிநொடியும் கொஞ்சமும். அதற்குள் கணக்கைப் போட்டு, வரைந்து, திரையில் காட்டியாக வேண்டும். கணினி வரைகலையின் அறுபது ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டு கெடுக்களுக்கு நடுவில் நடந்தது.

முந்திக்கொண்டது விளையாட்டுதான். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினிக்காக ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டை எழுதினார்கள். வட்டத் திரை, சண்டையிடும் இரண்டு விண்கலங்கள், நடுவில் எல்லாவற்றையும் தன்பக்கம் இழுக்கும் ஒரு நட்சத்திரம். பின்னணியில் மனம்போனபடி தூவப்பட்டிருந்த விண்மீன்கள் பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. உண்மையான வான வரைபடத்தைப் பார்த்து, விண்மீன்களை அவற்றின் ஒளிக்கேற்ப நிறுத்தும் தனி நிரலை எழுதிச் சேர்த்தார். எதிரி சுடும்போது வானத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் நினைக்கவில்லை. இந்தத் துறையில் பிறகு வந்த பலருக்கும் அதே பிடிவாதம் இருந்தது.

படம் வரையும் வித்தை முறையான கல்வியானது யூட்டா பல்கலைக்கழகத்தில். டேவிட் எவன்ஸும், 1963இல் ‘ஸ்கெட்ச்பேட்’ உருவாக்கியிருந்த இவான் சதர்லேண்டும் அங்கே ஆசிரியர்கள். அந்தக் கால மாணவர் பட்டியலைப் பார்த்தால் பின்னாளைய தொழிலின் வம்சாவளியைப் பார்ப்பதுபோல இருக்கும். ஹென்றி கூரோவும் புய் துவாங் ஃபாங்கும் தட்டையான பலகோணங்களின்மீது ஒளி எப்படி வழிய வேண்டும் என்பதற்குச் சூத்திரம் கண்டார்கள்; அந்தச் சூத்திரங்கள் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. ஜிம் கிளார்க் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார், ஜான் வார்னாக் அடோபியை. 1972இல் தன் இடது கையையே அச்செடுத்து, அதன்மேல் பலகோணங்களை வரைந்து, கணினியில் விரல்களை மடக்கிக் காட்டிய எட் கேட்மல் பின்னாளில் பிக்ஸாரின் தலைவர். விளையாட்டுத் தொழிலின் மூலவரும் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான்: 1972இல் அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னல். அவர் வெளியிட்ட ‘பாங்’ பெட்டிக்குள் நிரல் என்று எதுவுமே கிடையாது. ஆலன் அல்கார்ன் அதை வெறும் மின்சுற்றுகளை இணைத்தே செய்து முடித்தார்.

யூட்டாவிலிருந்து வந்த பொருள்களில் மிகவும் புகழ்பெற்றது ஒரு தேநீர்க் கெண்டி. 1975இல் மார்ட்டின் நியூவெலுக்கு வளைந்த உருவம் ஒன்று பரிசோதனைக்குத் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த தேநீர்ச் சாமான்களை வரைந்து பார்க்கலாமே என்றவர் அவருடைய மனைவி. நியூவெல் வரைபடத் தாளில் கெண்டியை வரைந்து, புள்ளிகளின் எண்களைக் கணினிக்குள் ஏற்றினார். கைப்பிடியில் ஓட்டை, மூக்கில் வளைவு, மூடியில் குமிழ், தன்மேலேயே விழும் நிழல் என்று ஒளியைச் சோதிக்க வேண்டிய எல்லாமே அதில் இருந்தன. உலகெங்கும் ஆய்வாளர்கள் புதிய சூத்திரம் கண்டுபிடிக்கும்போதெல்லாம் இந்தக் கெண்டியைத்தான் வரைந்து பார்த்தார்கள். ‘டாய் ஸ்டோரி’யில் பொம்மைகளின் தேநீர் விருந்தில்கூட அது தலைகாட்டுகிறது. அசல் கெண்டி இன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கணினிக் கெண்டியைவிட உயரமானது. நடுவில் யாரோ திரைக்கேற்ப உயரத்தைக் குறுக்கியது அப்படியே நிலைத்துவிட்டது. அசலைப் பார்ப்பவர்களுக்கு அதுதான் கோணலாகத் தெரியுமாம்.

வரைவதற்கு ஏன் நேரம் பிடிக்கிறது என்பதை டர்னர் விட்டெட்டின் முறை தெளிவாகக் காட்டும். கண்ணிலிருந்து திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை உள்ளே அனுப்ப வேண்டும். அது எதில் முட்டுகிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் தெறிக்கிறது, கண்ணாடி என்றால் எப்படி உடைந்து திரும்புகிறது, விளக்கு அங்கிருந்து தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கணக்கிட வேண்டும். 1979இல் சில பந்துகளும் கட்டம்போட்ட தரையும் கொண்ட ஒரே ஒரு படத்தை இப்படி வரைய வாக்ஸ் கணினிக்கு 74 நிமிடங்கள் ஆயின. படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நொடித் திரைப்படத்துக்கு இருபத்தொன்பது மணி நேரத்துக்குமேல் ஆகும் என்ற கணக்கும் கூடவே வந்தது.

காத்திருக்கும் வசதி இருந்த திரைப்படம் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. 1982இல் டிஸ்னி வெளியிட்ட ‘ட்ரான்’ படத்தில் முழுக்கக் கணினி வரைந்த காட்சிகள் கால் மணி நேரம் அளவுக்குத்தான். மற்றதெல்லாம் ஃபிலிமில் பின்னொளி பாய்ச்சிச் செய்த கைவேலை. கணினிக் காட்சிகளிலும் கைவேலைக்குக் குறைவில்லை. அசைவை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடத்தைக் குறிக்க மூன்று எண், திருப்பத்தைக் குறிக்க மூன்று எண் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு பைக் நான்கு நொடி ஓட 576 எண்கள். அப்படிப்பட்ட படத்துக்குக் காட்சி ஜாலத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. கணினியை வைத்துச் செய்வது குறுக்குவழி என்று அகாடமி கருதியதாகப் படத்தின் இயக்குநர் ஸ்டீவன் லிஸ்பர்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

குறுக்குவழி என்ற பேச்சு 1993இல் ஓய்ந்தது. ‘ஜுராசிக் பார்க்’கில் டைனோசர்கள் தெரிவது சுமார் 15 நிமிடம், கணினி வரைந்தவை அதில் பாதிக்கும் குறைவு. மற்றவை ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திரப் பொம்மைகள். எது எது என்று பார்த்தவர்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வரைந்து தந்தவை ஜிம் கிளார்க் தொடங்கிய நிறுவனத்தின் கணினிகள். படத்துக்குள்ளும் அதே நிறுவனத்தின் கணினி ஒன்று நடித்திருக்கிறது: சிறுமி பூங்காவின் பூட்டுகளை மீட்கும் காட்சியில் திரையில் பறக்கும் முப்பரிமாணக் கோப்பு வரிசை சினிமாக் கற்பனை என்று பலர் சிரித்தார்கள். அது அந்த நிறுவனம் உண்மையிலேயே கொடுத்துவந்த மென்பொருள்.

திரையில் காட்டப்படும் கணினிகள் பெரும்பாலும் கேலிக்குரியவைதான். விலக்குகள் சில உண்டு. 2003இல் வந்த ‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’டில் நாயகி டிரினிட்டி மின்நிலையத்துக்குள் நுழையப் பயன்படுத்துவது என்மேப் என்ற உண்மையான கருவி, அவள் புகும் ஓட்டையும் அதற்கு முன்பே அம்பலமான உண்மையான ஓட்டை. 1983இல் ‘வார் கேம்ஸ்’ பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், அதில் வருவதுபோல வெளியாள் ஒருவர் ராணுவக் கணினிக்குள் நுழைய முடியுமா என்று தளபதிகளைக் கேட்டார். விசாரித்துவிட்டு வந்தவர்கள், நிலைமை அதைவிட மோசம் என்றார்கள். அடுத்த ஆண்டே அரசுக் கணினிகளின் பாதுகாப்புக்கு ஆணை பிறந்தது.

முழுநீளப் படத்தையே கணினியில் வரைந்த முதல் முயற்சி 1995இல் பிக்ஸார் எடுத்த ‘டாய் ஸ்டோரி’. சன் நிறுவனத்தின் 117 கணினிகள், 1,14,240 ஃபிரேம்கள், மொத்தம் 8 லட்சம் கணினி மணி நேரம். சராசரி போட்டால் ஃபிரேமுக்கு ஏழு மணி நேரம். கதை பொம்மைகளைப் பற்றியதாக இருந்ததில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அன்றைய சூத்திரங்களுக்கு நன்றாக வந்தது பிளாஸ்டிக்தான். தோலும் முடியும் வரவில்லை. அதே படத்தில் வரும் மனிதர்களையும் நாயையும் பார்த்தால் இது புரியும்.

அதே காலத்தில் விளையாட்டு எழுதியவர்கள் கற்றுக்கொண்டிருந்தது வேறு வித்தை: வரையாமலே வரைந்ததுபோலக் காட்டுவது. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’ அந்த வித்தையின் உச்சம். 386 சிப்பும் 4 எம்.பி. நினைவகமும் இருந்தால் ஓடும். முப்பரிமாண உலகம்போலத் தெரியும் அதில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. அடியில் இருப்பது தட்டையான வரைபடம், ஒவ்வொரு பகுதிக்கும் தரை உயரம், கூரை உயரம் என்று எண்கள் மட்டுமே. எந்தச் சுவருக்குப் பின்னால் எது மறைகிறது என்பதை ஜான் கார்மக் முன்கூட்டியே கணக்கிட்டுக் கிளைகிளையாக அடுக்கி வைத்தார். ஆடும் நேரத்தில் அதைப் புரட்டிப் பார்த்தால் போதும். பேய்களில் சில களிமண்ணில் செய்து, எட்டுத் திசையிலிருந்தும் படமெடுக்கப்பட்டவை. செத்து விழுந்த பிணத்துக்கு ஒரே ஒரு படம்தான். அதைச் சுற்றி வட்டமடித்துப் பார்த்தால், எந்தப் பக்கம் போனாலும் அது நம்மைப் பார்த்தே கிடக்கும். பதற்றத்தில் இருப்பவர் யாரும் அதைக் கவனிப்பதில்லை. விளையாட்டு உருவானது நெக்ஸ்ட் கணினிகளில். அந்த நிறுவனத்தின் முதலாளியும் அப்போதைய பிக்ஸாரின் முதலாளியும் ஒரே ஆள், ஸ்டீவ் ஜாப்ஸ்.

ஏமாற்று வித்தைகளுக்கு ஓர் எல்லை உண்டு. 1996இல் உண்மையான முப்பரிமாணத்துடன் வந்த ‘குவேக்’ சாதாரணக் கணினிகளைத் திணறடித்தது. அதே ஆண்டு 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டை வந்தது. முக்கோணங்களில் ஓவியத்தை ஒட்டி நிரப்புவது தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. சாதாரணத் திரைக்காட்சிக்குப் பழைய அட்டையும் வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு சிறு கேபிளால் இணைக்க வேண்டும். 1999இல் என்விடியா தன் ‘ஜிஃபோர்ஸ் 256’ஐ ஜி.பி.யு. என்று விளம்பரப்படுத்தியது, அந்தப் பெயர் நிலைத்தது. 2001 முதல் இந்தச் சிப்புகளுக்கு நிரல் எழுத முடிந்தது. ஒரே கணக்கை லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் போடும் சிப், படம் வரைவதற்கு மட்டும்தான் பயன்பட வேண்டும் என்பதில்லை. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் வென்று செயற்கை நுண்ணறிவு அலையைக் கிளப்பிய ‘அலெக்ஸ்நெட்’ பயிற்சி பெற்றது, விளையாட்டுக்காரர்கள் வாங்கும் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 அட்டைகளில்.

இரண்டு தொழில்களும் ஒன்றன் சரக்கை இன்னொன்று எடுத்து விற்றபோது பல ஆண்டுகள் பெரும்பாலும் நஷ்டமே மிஞ்சியது. ‘ஈ.டி.’ படத்தை அட்டாரிக்கு விளையாட்டாக்க 1982இல் ஹோவர்ட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். விற்காத பெட்டிகள் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014இல் தோண்டியும் எடுக்கப்பட்டன. எதிர்த்திசையில் 1993இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ படம் படுத்துவிட்டது. இதில் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல முடியாது. குதிப்பது மரியோவாக இருந்தாலும், தவறினால் வெட்கப்படுவது ஆடுபவரின் கட்டைவிரல். அந்த விரலைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது மீசை வைத்த ஒரு குழாய்க்காரர் மட்டுமே. அந்தக் குழாய்க்காரரை ரசிக்கும் இரண்டு தலைமுறை வளர்ந்த பிறகு, 2023இல் வந்த அனிமேஷன் படம் 130 கோடி டாலருக்குமேல் வசூலித்தது.

மனித முகம்தான் இரண்டு தொழிலையும் நெடுநாள் ஏமாற்றிய இடம். உருவம் மனிதனை நெருங்க நெருங்கப் பிடிக்கும், மிகவும் நெருங்கியதும் அருவருக்கும் என்று ஜப்பானின் மசாஹிரோ மோரி 1970இல் ரோபோக்களைப் பற்றி எழுதியது இங்கே அப்படியே பொருந்தியது. விளையாட்டு நிறுவனமான ஸ்கொயர் 2001இல் எடுத்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ படத்தில் நாயகியின் தலையில் மட்டும் சுமார் 60,000 முடிகள். கண்ணில் உயிர் இல்லை. படம் தோற்று, எடுத்த படப்பிரிவும் மூடப்பட்டது. தமிழில் 2014இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’ அசைவுப் பதிவு முறையில் உருவானது. ரஜினியின் நடையும் கைவீச்சும் பிடிபட்டன. கண்ணோரச் சிரிப்பு பிடிபடவில்லை. விலங்கு இந்த வகையில் சுலபம். புதுச்சேரித் தமிழ்ச் சிறுவனின் கதையான ‘லைஃப் ஆஃப் பை’யில் படகில் இருக்கும் புலி பெரும்பாலும் கணினி வரைந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அதை வரைந்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. அதே மாதம், விருதுக்குச் சில நாள் முன்னதாக, திவால் மனுவும் போட்டிருந்தது. ஃபிரேமுக்காகும் நேரத்தின் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி அன்று விருது மேடைவரை வந்தது.

கணினி வேகமானால் அந்த நேரம் குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. யூட்டா மாணவரான ஜிம் பிளின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது: இயந்திரம் எவ்வளவு வேகமானாலும் ஒரு படம் வரைய ஆகும் நேரம் மாறாது. கிடைத்த வேகத்தை ஓவியர்கள் இன்னும் கொஞ்சம் முடிக்கும் இன்னும் கொஞ்சம் நிழலுக்கும் செலவழித்துவிடுவார்கள். 2013இல் வந்த ‘மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி’க்கு ஃபிரேமுக்கு 29 மணி நேரம் ஆனதாகச் செய்தி வந்தது. ‘டாய் ஸ்டோரி’யின் சராசரியைப்போல நான்கு மடங்கு.

விளையாட்டின் கெடு அசையவில்லை. அதற்குள் அடங்கும் வேலை மட்டும் பெருகியது. விட்டெட்டின் கதிர் முறை 2018இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் அட்டைகளோடு வீட்டுக் கணினிக்கு வந்தது. இங்கும் பழைய சாமர்த்தியம்தான்: புள்ளிக்கு ஒன்றிரண்டு கதிர்களை மட்டும் அனுப்பி, புள்ளிபுள்ளியாக வரும் படத்தை நரம்பியல் வலையைக் கொண்டு வழித்துச் சரிசெய்யலாம். விளையாட்டுச் சிப்பில் வளர்ந்த செயற்கை நுண்ணறிவு இப்படி விளையாட்டுக்கே வேலைக்கு வந்தது. அதற்குள் சினிமாவும் விளையாட்டின் வாசலுக்கு வந்திருந்தது. 2019இல் தொடங்கிய ‘மாண்டலோரியன்’ தொடரில் நாயகனின் கவசம் பளபளப்பானது. பச்சைத் திரைக்கு முன் நிறுத்தினால் உடம்பெல்லாம் பச்சை தெறிக்கும். அதனால் சுமார் ஆறு மீட்டர் உயர எல்.ஈ.டி. சுவரை வளைத்துக் கட்டி, ‘அன்ரியல்’ என்ற விளையாட்டு இன்ஜினை வைத்துப் பாலைவனத்தை அதில் ஓடவிட்டார்கள். கேமரா நகர நகர மலைகளும் அதற்கேற்ப நகர்ந்தன. கவசத்தில் தெரிந்தது அந்தச் சுவரின் வானம்.

2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’வுக்குப் போனது. வெள்ளத்தில் தப்பிப் பிழைக்கும் ஒரு பூனையின் கதை, வசனம் கிடையாது. உருவானது ‘பிளெண்டர்’ என்ற இலவச மென்பொருளில். அதில் இருக்கும் ‘ஈவீ’ என்ற, விளையாட்டு இன்ஜின்போல உடனுக்குடன் வரையும் பகுதிதான் ஃபிரேம்களை வரைந்தது. பூனையின் உடம்பில் முடிமுடியாக ரோமம் இல்லை. தூரிகையால் தீற்றியதுபோன்ற வண்ணம்தான். கணினிப் பண்ணை எதையும் வாடகைக்கு எடுக்காமல், தன் சொந்தக் கணினியிலேயே முழுப் படத்தையும் வரைந்து எடுத்தார் இயக்குநர். ஃபிரேமுக்குச் சில நொடிகள் ஆயின.